கதிர்காமக் காட்டுப்பாதையும் எங்கள் அடுப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில் உகந்தையிலிருந்து கதிர்காம முருகன் கோயிலுக்கு யாத்திரைக்காரர் நடந்து போகிற காட்டுப்பாதை எப்போது திறக்கும் என்ற பேச்சு வந்தால் போதும், கூடவே ஒரு சண்டையும் வந்துவிடுகிறது. யாத்திரைக்காரர் குமணை, யாலை தேசியப் பூங்காக்களைக் குப்பைமேடு ஆக்குகிறார்கள், கண்ட இடத்தில் தீ மூட்டுகிறார்கள், பாதையையே மூடிவிட வேண்டும் என்று ஒரு கூட்டம். முருகனிடம் நடந்து போகிறவன் ஒரு பிடி சோறு சமைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். முகநூலில் இரண்டு கிழமை அடிபடுவார்கள். அப்புறம் பாதை திறக்கும், போவோம், வருவோம், பாதை மூடும், அடுத்த ஆடி வரைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பாதையில் நடக்கிறவன், எங்கள் ஊர்ப் பாடசாலைச் சாரணர் பிள்ளைகளோடு பாசறைக்குப் போகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான்: காட்டுக்குள் அடுப்பு இருக்கட்டும். ஆனால் அதை எங்கே மூட்டுவது, விறகு எங்கிருந்து வருவது, எந்தத் தண்ணீரால் அணைப்பது என்ற மூன்றுக்கும் பதிலை வைத்துக்கொண்டு பாதையைத் திறவுங்கள்.

தீயே கூடாது என்று சொல்கிறவர்களில் அநேகர் உகந்தைக்கு அப்பால் நடந்து பார்த்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. உகந்தைமலை முருகன் கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கிவிட்டால் நடுவில் கடை கண்ணி ஒன்றும் இல்லை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி நாட்கணக்காக நடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் நடந்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் கடந்து வந்து சேர்கிற அம்மாமார், ஐயாமார் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கால் வீங்கிப்போய் வந்து மணலில் விழுகிறவர்களுக்கு இரவில் ஒரு கஞ்சியும் விடிய ஒரு இஞ்சித் தேநீரும் கொடுக்காமல் எப்படி விடுவது? இருட்டினால் யானைப் பயம் வேறு. அதையெல்லாம் விட, அந்த அடுப்பைச் சுற்றித்தான் பஜனை, அந்த அடுப்பைச் சுற்றித்தான் ஊர் பெயர் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்று கூப்பிட்டு ஒரே பானையில் அள்ளிச் சாப்பிடுகிறோம். யுத்தம் தொடங்கிய 1983 இல் தடைப்பட்டுப்போன இந்தப் பாதயாத்திரை 1988 இல்தான் மறுபடி நடக்கத் தொடங்கியது. அவ்வளவு சிரமத்துக்குள்ளும் கைவிடாமல் வைத்திருந்ததை இன்று சுற்றாடல் என்று ஒரு வார்த்தையைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நினைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, அது ஒரு பக்கம். அன்று நடந்தது சின்னச் சின்னக் குழுக்கள். இன்று பாதை திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் போகிறோம், பத்துப் பேருக்கு ஓர் அடுப்பு என்று பார்த்தாலே கணக்கு எங்கே போய் நிற்கும் பாருங்கள். இத்தனை பேரும் தங்குவது அதே நாலைந்து இடங்களில், அதே மரநிழலில். நேற்றைய குழு வைத்த அடுப்பு கரியும் எச்சிலுமாகக் கிடக்கிறது என்று இன்றைய குழு இரண்டு முழம் தள்ளிப் புதிதாக மூன்று கல் வைக்கும். விறகும் அப்படித்தான். முதல் நாள் போகிறவருக்குப் பாதையோரத்தில் சுள்ளி கிடைக்கும், கடைசி நாட்களில் போகிறவருக்குச் சுள்ளி எங்கே இருக்கப் போகிறது, கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார், பச்சைக் கொப்பை வெட்டுவார், அது புகையுமே தவிர எரியாது, எரிய வைப்பதற்காகப் பொலித்தீன் பையையும் போத்தலையும் திணித்துக் கொளுத்துவார். அந்தப் புகையைத்தான் பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளைகள் விடிய விடிய சுவாசிக்கிறார்கள்.

குமுக்கன் ஆற்றங்கரை மருத மரங்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடி, வெளிறிய வழவழப்பான பட்டை, வேர்கள் மணலுக்கு மேலே புடைத்துக்கொண்டு ஆறுவரை போகும். இரண்டு வேருக்கு நடுவில் இருக்கிற பள்ளம் அடுப்புக்கு நல்ல தோதான இடம், காற்று அடிக்காது, பானை சரியாது. அதனால் வருகிறவர் எல்லாம் அங்கேதான் வைக்கிறார்கள். நான் கடைசியாகப் போனபோது ஒரு மரத்தின் அடியில் பட்டை இடுப்பளவு உயரத்துக்கு வெடித்துப் பிளந்திருந்தது, உள்ளே விரலை வைத்தேன், கரி பொலபொலவென்று கொட்டியது, பக்கத்தில் பாதி எரிந்த நூடில்ஸ் பைக்கற் ஒன்று வெள்ளிபோல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் மரம் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கிறது. ஆனால் மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய தோலில் இருக்கிறது, அடியைச் சுற்றி அது வெந்துபோனால் மரம் உடனே சாகாது, வருடக்கணக்கில் கொப்புக் கொப்பாகப் பட்டு வரும். அப்படிப் பட்டுப்போகும்போது எந்த வருடத்து அடுப்பு காரணம் என்று யார் சொல்வது? மாரி வெள்ளத்தில் அந்தக் கரையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே வேர்கள்தான்.

அடுத்தது எங்கள் கால் பற்றியது. புறப்படுகிற அவசரத்தில் அநேகர் செய்வது, காலால் மணலைத் தள்ளி அடுப்பை மூடிவிட்டு அரோகரா என்று நடப்பது. தீ அணைந்துவிட்டது என்று மனதார நம்பித்தான் போகிறார்கள். ஆனால் மணல் தணலை அணைப்பதில்லை, கம்பளி போர்த்தியது மாதிரி சூட்டை உள்ளே வைத்துக் காக்கும், மறுநாள்கூடச் சுடும். மேலே பார்த்தால் வெறும் மணல். நடக்கிறவர்களோ வெறுங்காலோடு போகிறவர்கள். நாவலடியில் எங்களுக்குப் பின்னால் வந்த குழுவில் ஒரு பெடியன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பவுசருக்கு ஓடினவன் அப்படி மூடிக் கிடந்த அடுப்பொன்றில் காலை வைத்துவிட்டான். உள்ளங்கால் முழுவதும் கொப்பளம். மிச்சத் தூரம் தகப்பன் தோளில்தான் போனான். அந்த அடுப்பை மூடிவிட்டுப் போன சாமி யாரோ, அவர் இன்றுவரை ஒரு குற்றமும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். இதை யாராவது முதலிலேயே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு தடியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், புறங்கையை மேலே பிடித்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் புறப்பட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

காலமும் மோசமான காலம். ஆனி, ஆடி என்றால் எங்கள் பக்கம் கச்சான் அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று அது, வயலுக்குள் நிற்கிறவனுக்கே முகம் எரியும். குளங்களும் வில்லு என்கிற தாழ்ந்த நீர்நிலைகளும் வற்றி, யானையும் மரையும் இருக்கிற கொஞ்சத் தண்ணீரைத் தேடி வருகிற காலம். பாலைப்பழம் பழுத்துக் கரடி மரம் ஏறுகிற காலம். நாங்கள் பானையை வைக்கிற தண்ணீர்க்கரைதான் அவற்றுக்கும் தண்ணீர்க்கரை. எங்கள் நாட்டுக் காடுகளில் தீ தானாகப் பிடிப்பது மிக அரிது, கிட்டத்தட்ட எல்லாமே மனிதக் கையால் வந்தவை. அதுவும் வெளிநாட்டுச் செய்திகளில் காட்டுகிற மாதிரி மரத்து உச்சியில் நின்று எரிவதில்லை, சருகோடு சருகாகத் தரையில் ஓடிவிட்டு அணைந்துவிடும், அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பாலை, வீரை, முதிரை எல்லாவற்றின் கன்றும் தரையில்தானே நிற்கிறது? நட்சத்திர ஆமை ஓடவா போகிறது? கன்று எரிந்த இடத்தில் இலுக்குப் புல்லும் கினிப்புல்லும் மூடும், அடுத்த வரட்சியில் அது இன்னும் சுலபமாகப் பற்றும், அதற்கடுத்த வருடம் அதைவிடச் சுலபமாக. பட்ட மரம்தானே, விறகுதானே என்று வெட்டுவதும் பெரிய பிழை. இருவாய்ச்சியும் கிளியும் முட்டையிடுகிற பொந்து அதில்தான் இருக்கிறது.

யாத்திரைக்காரரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது அநியாயம். அறுகம்பே, பாணமைப் பக்கம் கூடாரம் அடித்துக் கடற்கரையில் இரவிரவாகப் பெரிய தீ மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கரையில் ஆமை முட்டையிடுகிறது, குஞ்சு பொரித்து வெளியே வந்தால் வெளிச்சம் இருக்கிற பக்கம் கடல் என்று நினைத்துத் தீயை நோக்கித்தான் ஊரும். 1954 இல் தேசியப் பூங்காவாக்கிய கல்லோயாக் காட்டில், கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கிற அந்த அருமையான புல்வெளிகளில், இளம்புல் முளைத்தால் மான் வரும் என்று வேண்டுமென்றே நெருப்பு வைக்கிற வேட்டைக்காரர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம்தான் பேச வேண்டும், கடிதம் எழுதிப் பிரயோசனம் இல்லை.

ஆனால் யாத்திரை போகிறவர்களோடு பேசலாம், ஏனென்றால் தீயை எப்படி வைத்திருப்பது என்று எங்கள் சனத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து படிப்பிக்கத் தேவையில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்திருக்கிறீர்கள். நினைத்தவன் நினைத்த இடத்தில் தீ மூட்டுகிறானா? அதற்கென்று ஓர் இடம், அளந்து வெட்டின குழி, காவல், விரதம் இருந்தவர்களுக்கு மட்டும்தான் பக்கத்தில் போக அனுமதி. வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம், சூடு ஏறினதைத் தண்ணீரால் குளிரப்பண்ணாமல் சடங்கு முடிவதில்லை. குளிர்த்தி முடிந்த கையோடு கதிர்காமத்துக்கு வெளிக்கிடுகிற அதே சனம், காட்டுக்குள் போனதும் அடுப்பைத் தணலோடு விட்டுவிட்டு நடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் சாரணர் பிள்ளைகள் இதைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள். பாசறைத் தீ என்றால் முதலில் புல்லைச் சதுரமாக வெட்டி ஒரு பக்கம் நிழலில் வைப்பார்கள், சுற்றிவரச் சருகைக் கூட்டி வெறும் மண்ணாக்குவார்கள், தண்ணீர் வாளி வந்து சேராமல் தீப்பெட்டி வெளியே வராது, காலையில் சாம்பலைக் குளிர்த்தி அள்ளிவிட்டுப் புல்லை அதே இடத்தில் வைத்துவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு முடிகிறது.

என்ன செய்யலாம் என்று என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். தங்குமிடம் ஒவ்வொன்றிலும் மரத்தடியிலிருந்து நன்றாகத் தள்ளி, வெறும் மண் தெரியத் துப்புரவாக்கி, கல் கட்டிய பொது அடுப்புகளை வரிசையாகப் போட்டுவிடுங்கள், அதற்கு வெளியே யாரும் மூட்டக் கூடாது. கோயில்காரரும் அன்னதானச் சபைகளும் அங்கே பெரிய கிடாரத்தில் சமைத்தால் நூறு குழுவுக்கு நூறு அடுப்பு என்ற தேவையே பாதியாகக் குறையும், ஒன்றாக இருந்து சாப்பிடுகிற வழக்கமும் போகாது, சொல்லப்போனால் கூடும். எல்லோரும் காஸ் கொண்டு வாருங்கள் என்று மேசையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம், 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற சனத்திடம், சிலிண்டரின் விலையைப் பார்த்துவிட்டு மறுபடி விறகுக்குப் போன சனத்திடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அன்னதானச் சபைகள் வேண்டுமானால் காஸ் வைக்கலாம். மற்றவர்களுக்கு வெளி விறகு வேண்டும். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுக்கத் தென்னை நிற்கிறது, சிரட்டையும் காய்ந்த மட்டையும் வளவுக்கு வளவு குவிந்து கிடக்கிறது. சிரட்டை மாதிரி நின்று எரிகிற, புகை குறைந்த விறகு காட்டுக்குள் தேடினாலும் கிடைக்காது. உகந்தைக்கு அரிசி மூடை ஏற்றிப் போகிற லொறியில் பத்து உரப்பை சிரட்டை ஏற்ற இடம் இருக்காதா? அன்னதானத்துக்கு அரிசி, பருப்புத் தருகிறவர்கள் போல விறகு தருகிறவர்களும் முன்வரலாம், அதுவும் தானம்தான்.

தண்ணீர்தான் கஷ்டமான பகுதி, இதை மறைத்துப் பேசக் கூடாது. நாவலடி, வியாழைப் பக்கம் பவுசரில் வருகிற தண்ணீருக்குச் சனம் வரிசையில் நிற்கும், குடிக்கவே அளந்து வைத்திருக்கிறவர்களிடம் அதை அடுப்பில் ஊற்று என்றால் ஊற்ற மாட்டார்கள், அதில் பிழையும் இல்லை. அதனால்தான் மணலைத் தள்ளுகிறார்கள். அரிசி களைந்த தண்ணீர், பானை கழுவின தண்ணீர், கை கழுவின தண்ணீர் இதெல்லாம் இப்போது சும்மா நிலத்தில் போகிறது. அடுப்பு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டின பீப்பாவை வைத்து இதை அதில் சேர்த்தால் ஒரு குழுவின் அடுப்பை அணைக்க அது தாராளம். பவுசரை ஒரு தடவை கூடுதலாக அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், எல்லா வேளையும் சமைக்கத்தான் வேண்டுமா? அவல், பொரிமா, பயற்றம் உருண்டை, பொரிவிளாங்காய் கட்டிக்கொண்டு போனவர்கள்தானே எங்கள் அம்மம்மாமார். பகல் சாப்பாட்டுக்கு அதுவும் இரவுக்குச் சூடாகக் கஞ்சியும் என்று வைத்தால் அடுப்பு எரிகிற நேரம் பாதியாகும், சுமையும் குறையும்.

இதெல்லாம் நடக்காது, எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்குச் சபரிமலையைக் காட்டுகிறேன். அதுவும் பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில். இருமுடிக்குள் பிளாஸ்டிக் கொண்டு வராதீர்கள் என்று அங்கே சொன்னார்கள், இங்கிருந்து போகிற ஐயப்ப சாமிமார் விமானம் ஏறிப் போய் அதைக் கேட்டு நடக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கிற எங்கள் உறவினர்களும், காற்றும் வெயிலும் கூடின நாளில் வெளியில் தீ மூட்டத் தடை என்று அறிவித்தால் பேசாமல் இருக்கிறார்கள், மற்ற நாளில் பூங்காவில் போட்டிருக்கிற அடுப்பில் சமைத்துவிட்டுத் துடைத்து வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே கேட்கிற அதே சனம் இங்கே கேட்காதா? காரணத்தைச் சொல்ல வேண்டும், வசதியையும் செய்துகொடுக்க வேண்டும், இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் கேட்க மாட்டார்கள்.

வனசீவராசிகள் திணைக்களத்து அதிகாரிகளுக்கும் ஒரு சொல். 1937 ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி பூங்காவுக்குள் மரத்தை வெட்டுவதும் எரிப்பதும் குற்றம் என்பது எங்களுக்கு விளங்குகிறது, அதற்கு மேலேயும் வருடா வருடம் இந்தப் பாதையைத் திறந்து விடுகிறீர்கள் என்பதற்கு நன்றியும் இருக்கிறது. ஆனால் திறந்துவிட்டுக் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, பிறகு குப்பைப் படத்தைக் காட்டித் திட்டுவதால் மரம் பிழைக்காது. உகந்தையில் காட்டுக்குள் விடுகிற இடத்தில் ஒவ்வொரு குழுவையும் நிறுத்தி, தமிழிலும் சிங்களத்திலும் ஐந்து நிமிடம் பேச ஆள் வையுங்கள். கத்தி, கோடாலியை அங்கேயே வாங்கி வைத்துவிட்டுக் கையில் ஒரு சிரட்டைப் பையைக் கொடுத்து விடுங்கள். சம்மதம் என்றால் அந்த வாசலில் நின்று பேசவும், தங்குமிடங்களில் அடுப்பு அணைத்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டு நடக்கவும் எங்கள் மாவட்டத்துச் சாரணர் பிள்ளைகளும் கோயில் தொண்டர்களும் வருவார்கள், கேட்டால்தானே வருவார்கள்.

பாதை திறக்கும் முன்பு அதிகாரிகளும் ஆலய நிர்வாகத்தினரும் கூடிப் பேசுகிற கூட்டத்தில் திகதி, பாதுகாப்பு, குடிநீர், வைத்தியம் எல்லாம் பேசப்படுகிறது. இந்த முறை அடுப்பிடம், விறகு, அணைக்கிற தண்ணீர் இந்த மூன்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, என்ன முடிவு எடுத்தார்கள் என்பதைத் திறக்கும் திகதியோடு சேர்த்தே பத்திரிகைகளுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். செல்வச்சந்நிதியில் வேல் புறப்படுவதற்கு முன்பே அது உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டால், வழியில் இருக்கிற கோயில்கள் ஒவ்வொன்றிலும் சாமிமாருக்கு வாசித்துக் காட்ட எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பாதயாத்திரை போகும் வாசகர்,
களுவாஞ்சிக்குடி.